உன் நைனா சவுக்கைப் பிடுங்கிய நாள்

உத்திரமேரூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே தெம்பாகத்தான் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்கள் கவலை. உன் நைனா ஒரு ஆளின் மண்டையை உடைக்கிற வீடியோ உனக்கும் வந்திருக்கும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கிற கல்குவாரியில் போன வாரம் சினிமா எடுத்தார்கள். வெள்ளைக்காரன் தோட்டத்தில் அடிமைகள் பட்ட பாடுதான் கதையாம். நம் தெருவில் தோலைப் பார்த்துப் பார்த்து ஆள் பொறுக்கினார்கள். சிவப்பான கதாநாயகிக்கு உடம்பெல்லாம் கருப்பு பூசினார்கள், பிறவியிலேயே கருத்த நாங்கள் பின்னால் மண் சுமந்தோம். சென்னையில் படிக்கிற ஐசக் என்ற ஆப்பிரிக்க மாணவரும் வந்திருந்தார், அவரைப் பேர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடவில்லை, 'ஏ கருப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். உன் நைனா சட்டையைக் கழற்றியதும் மேக்கப்காரன் முதுகைப் பார்த்து, "இவருக்குத் தழும்பு ஒட்ட வேணாம், ரெடியாவே கீது" என்று சிரித்தான். வாலாஜாபாத் பக்கம் ஒரு அரிசி ஆலையில் நம்மைக் கொத்தடிமையாக அடைத்து வைத்திருந்தார்களே, அப்போது தன் அக்கா சாவுக்குப் போகணும் என்று கேட்டதற்காக முதலாளி மெஷின் பெல்ட்டால் உரித்த முதுகு அது. உனக்கு அப்போது இரண்டு வயசு, என் இடுப்பில் இருந்த உன் கன்னத்தில் ரத்தம் தெறித்தது.

உன் நைனாவையும் ஐசக்கையும் ஒரே கம்பத்தில் கட்டினார்கள். அடிக்கிற கங்காணி வேஷம் சேட்டு என்ற சண்டை நடிகனுக்கு. முதலில் துணிச் சவுக்குதான். உன் நைனா கத்தவில்லை, ஆலையிலும் அவர் கத்தினதில்லை. டைரக்டர், "அடிமைன்னா கதறணும்யா, இப்படி முறைச்சா எவன் நம்புவான்" என்று நாலு தடவை எடுத்தார், அப்புறம் சேட்டுவின் காதில் ஏதோ சொன்னார், தோல் சவுக்கு வந்தது. முதல் அடியில் பழைய தழும்பு பிளந்துவிட்டது. இரண்டாவது அடி கழுத்தைச் சுற்றியது. எல்லோரும் நடிப்பென்று பார்த்துக்கொண்டு நின்றார்கள், எனக்கு மட்டும் அந்தச் சத்தம் தெரியும். ஓடினேன், இரண்டு பேர் என்னைப் பிடித்து மண்ணில் தள்ளினார்கள். ஐசக் கட்டியிருந்த கயிற்றிலிருந்து ஒரு கையை உருவி மூன்றாவது அடியைத் தடுத்தார், சவுக்கின் பிடி பட்டு இரண்டு விரல் ஒடிந்தது. சேட்டு அவர் வயிற்றில் உதைத்தான். உன் நைனா கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்து, சவுக்கைப் பிடுங்கி, அதன் பிடியாலேயே சேட்டுவின் மண்டையில் அடித்தார், விழுந்தவனை மறுபடி மறுபடி அடித்தார். பாறையெல்லாம் ரத்தம். ஐசக்தான் கட்டிப்பிடித்து நிறுத்தினார். நீ பார்த்தது இந்தக் கடைசிப் பாதி மட்டும்.

உன் நைனாவைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. ஸ்டேஷனுக்கே டைரக்டர் வந்து, சீன் பிரமாதமாக வந்திருக்கிறது, படத்தில் வைக்கக் கையெழுத்துப் போட்டால் புகாரை வாபஸ் வாங்குகிறோம் என்றார். உன் நைனா, "படத்துல கடசீல அந்த அடிமைங்கள ஆரு சார் வெளிய வுடறது?" என்று கேட்டார். தோட்ட முதலாளியின் வெள்ளைக்கார மகள் இரக்கப்பட்டுக் கதவைத் திறப்பாளாம். "எங்கள ஆரும் தொறந்து வுடல சார். கொயந்தைய இடுப்புல கட்டிக்கினு நாங்களே செவுரு ஏறிக் குதிச்சோம்" என்று சொல்லிப் பேனாவைத் தள்ளிவிட்டார். உள்ளே போட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சேட்டு கண் திறந்தான். தலையில் பதினெட்டு தையல். பயந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். நான் கேட்காமலே, "தோலு சவுக்குன்னு தெரிஞ்சேதான் அடிச்சேன்க்கா. மாட்டேன்னா நாளைக்கு என்னக் கூப்ட மாட்டாங்க. ரத்தத்தப் பாத்தும் நிறுத்தல" என்றான். அதையே இன்ஸ்பெக்டரிடமும் சொன்னான். உன் நைனாவுக்கு ஜாமீன் கிடைத்தது, டைரக்டர் மேலும் இப்போது வழக்கு. நைனா மேல் உள்ளதும் அப்படியேதான் இருக்கிறது, அடித்தது அடித்ததுதானே. நேற்று அவரே போய்ச் சேட்டுவுக்குக் கஞ்சி ஊட்டினார். வெளியே வந்து, "அடிக்கறப்ப ஆலை மொதலாளி மூஞ்சிதான் தெரிஞ்சிது பாஞ்சாலி. கிட்டக்கப் பாத்தா என் தம்பி கணக்கா கீறான்" என்று சுவரில் சாய்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அங்கே யாராவது உன் நிறத்தைச் சொல்லிப் பேசினால் பொறுத்துப்போகாதே, அன்றைக்கே புகார் எழுதிக் கொடு. கை மட்டும் ஓங்காதே கண்ணு, அது நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிற கை. நீ நூறு வருஷம் நிமிர்ந்து நடக்கணும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

உன் அம்மா,
சு. பாஞ்சாலி