வாக்கெடுப்பு நாள் ஐஸ்

மச்சான்,

புயலுக்காகப் போட்ட அவசரகாலச் சட்டத்தை இன்னும் ஒரு மாதம் நீடிக்க இன்று பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு என்று காலையில் ரேடியோ சொல்லிச்சு. படுத்திருந்தவன் அப்படியே எழும்பிவிட்டேன்! நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லுறது?

சண்டைக் காலத்தில் இதே சட்டத்தை வைத்துத்தானே கடலில் எல்லை போட்டார்கள். சூரை மீன் எல்லைக்கு அங்கால, எங்கட வள்ளம் இங்கால. நீ பேப்பர் வாசித்துவிட்டுத் துறையில் நின்று கத்துவாய்: "ஜனாதிபதி போட்டால் மட்டும் காணாதடா! பாராளுமன்றம் ஓம் எண்டு சொல்லவேணும். அதுவும் மாசாமாசம். ஒரு மாசம் கேக்காட்டி சட்டம் தானாப் படுத்திடும்!"

அந்த ஒரு மாசத்தை நம்பி, வாக்கெடுப்பு நாளெல்லாம் எல்லை தாண்டிச் சூரைக்குப் போக வள்ளத்தில் ஐஸ் நிரப்பினாய். பின்னேரம் ரேடியோவில் "நிறைவேறியது" என்பார்கள். ஐஸ் உருக முந்தி உன் மனுசி சர்பத் கரைப்பா. தெருவே குடிக்கும்.

"அண்ணை, இந்த மாசமும் சர்பத்தோ?" என்று பொடியள் உன்னைக் கேட்பாங்கள்.

"குடியுங்கோடா, அடுத்த மாசம் கிடையாது!"

"தூக்குறவன் கையைத் தூக்கிக்கொண்டுதான் இருப்பான், உனக்கு விசர்" என்று நானும் ஏசினனான். "தூக்கட்டும். ஒளிச்சுத் தூக்க ஏலாதே" என்றாய்.

கடைசியில் ஒரு மாதம், நீடிப்புக் கேட்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். துறையில் ஒருத்தரும் நம்பவில்லை. நீ வழமைபோல ஐஸ் போட்டாய். சட்டம் முடிந்த காலை நாங்கள் இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். எல்லையில் நேவிப் படகு நின்றது. பிடித்தால் வள்ளமும் போகும், நாங்களும் உள்ளே போவோம். நான் வள்ளத்துக்குள் குனிந்துகொண்டேன். நீயோ எழும்பி நின்று, "முடிஞ்சுது! சட்டம் முடிஞ்சுது!" என்று கூவினாய். நேவிக்காரன் வயர்லெஸ்ஸில் ஏதோ கதைத்தான். எங்களைப் பார்த்தான். பிறகு கையை வீசினான்: "யன்ன, யன்ன!"

போகச் சொல்லுறான், மச்சான்! நீ என் முதுகில் அடித்த அடி இப்பவும் சுள்ளென்கிறது.

"இது புயலுக்குப் போட்டதப்பா, நல்லதுக்குத்தானே?" என்கிறாள் மகள். "நல்லதெண்டாலும் மாசம் முடிய வந்து கேக்கட்டும் பிள்ளை" என்றேன். ரேடியோவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டிருக்கிறேன். அவர்கள் அங்கே கை தூக்குகிற நேரம், திருகோணமலையில் ஒருத்தன் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பான்.