பூரி எண்ணெயில் ஓடிய இன்ஜின்

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று கேன்டீனில் பூரி. எண்ணூறு பேருக்கு. கை விட்டுப்போகிறது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். தள்ளுவண்டியில் ஒரு அம்மா போண்டா போட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்கு அடியில் எண்ணெய் டின். அதன் மேல் மார்க்கரில் போட்டிருந்த தேதி என் கையெழுத்து.

எங்கள் கேன்டீனில் திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்துப்போன எண்ணெய் அது. டின்னை எடுத்துப் போகிறவன் சோப்புக் கம்பெனிக்கு என்பான். நானும் சரி என்பேன். வண்டிக்காரம்மாவைக் கேட்டேன். "ஒரு தடவ காஞ்ச எண்ணெய்னு சொன்னாம்மா." பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் போண்டாவை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள்.

எட்டு வருஷமாக நான் சூப்பர்வைசர். ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா?

பிப்ரவரி 13, வியாழன்

மேனேஜர் பாஸ்கரனிடம் சொன்னேன். "கேட்டைத் தாண்டிட்டா அது நம்ம பொறுப்பு இல்லம்மா" என்றார்.

"அப்ப தாண்டறதுக்கு முன்னாடி எனக்குக் குடுங்க சார்."

"நீ என்ன பண்ணுவ?"

"எங்க ஆயில் இன்ஜினுக்கு ஊத்துவேன்."

வாயில் வந்துவிட்டது. ஜெனரேட்டர் பார்க்கிற சுபாஷ் என்றோ டீ குடிக்கும்போது சொன்னதுதான் — பழைய ஒத்தை சிலிண்டர் இன்ஜின் சமையல் எண்ணெயிலும் ஓடும் என்று. பாஸ்கரன் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "யார் வாய்க்கும் போகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு." போட்டேன். டின்காரனுக்கு இனிமேல் எங்களிடம் வேலையில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அனிதா, அது இன்ஜின். உங்க கேன்டீன் ஆளுங்க இல்ல, குடுத்தத எல்லாம் தின்னுட்டுப் போக."

கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே எங்களுக்கு ரெண்டு ஏக்கர். இப்போது தக்காளி நிற்கிறது. கிணற்றுக்குக் கரண்ட் இல்லை. அந்த இன்ஜின் ஓடினால்தான் தண்ணீர். அவர் பயப்படுவதில் தப்பில்லை. ஆனாலும் நான் வேட்டித் துணியில் எண்ணெய் வடிகட்ட உட்கார்ந்ததும், மறுமுனையைப் பிடிக்க வந்துவிட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஓடியது!

சுபாஷ் சொன்ன மாதிரியே டீசலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானபின் எண்ணெய்; நிறுத்தும்போது மறுபடி டீசல். கொஞ்சம் இருமியது, அப்புறம் ஒரே சீராக. தண்ணீர் கால்வாயில் விழுகிறது, புகை முழுக்கப் பூரி வாசம். பக்கத்துக் காட்டு ராமப்பன் வரப்பில் நின்று கன்னடத்தில் கத்தினார், "ஏனம்மா, ஹப்பவா?" பண்டிகையா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன்.

மார்ச் 5, புதன்

இன்ஜின் நின்றுவிட்டது.

காலையில் நல்ல குளிர். ஹேண்டில் சுற்றிச் சுற்றி அவருக்குத் தோள்பட்டை வீங்கிவிட்டது. மெக்கானிக் கங்கப்பன் கழற்றிப் பார்த்தார். உள்ளே எண்ணெயைப் பீச்சுகிற நாசில் முழுக்கக் கரி, அடைத்துக்கொண்டிருக்கிறது. வேறு வாங்கிப் போட மூணு நாலு நாள் ஆகுமாம். காய் பிடிக்கிற நேரம். இலையெல்லாம் மத்தியானமே தொங்குது.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டார், கை கழுவினார், போனார். திட்டினாலாவது பரவாயில்லையே!

மார்ச் 6, வியாழன்

இன்றும் பேச்சில்லை.

மார்ச் 7, வெள்ளி

ராமப்பன் தானாக வந்தார். அவருடைய மோட்டாரிலிருந்து பைப் இழுத்து ரெண்டு மணி நேரம் தண்ணீர் விட்டார். பயிர் பிழைக்கும்.

வீட்டுக்காரரோடு பைப்பைச் சுருட்டும்போது என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். கடைசி டின்னை நான் வடிகட்டி, தண்ணீர் அடியில் தங்க ரெண்டு நாள் வைக்கவே இல்லை. கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் அப்படியே கேனில் ஊற்றினேன். அடியில் தண்ணீர் இருந்திருக்கும். "என்னாலதாங்க."

அவர் பைப்பைக் கீழே போட்டார். "உன்னாலயா? நான் ஒரு வாரமா நிறுத்தறப்ப டீசலுக்கு மாத்தவே இல்ல. சோம்பேறித்தனம். எண்ணெய் உள்ளேயே நின்னு கெட்டியாயிருக்கும். அத எப்படிச் சொல்றதுன்னுதான்..."

மூணு நாளும் அதனாலா? நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ரெண்டு பேரும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

மார்ச் 9, ஞாயிறு

புது நாசில் மாட்டியாச்சு. "இனிமே டீசல் மட்டும் ஊத்துங்க" என்றார் கங்கப்பன். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "இன்னொரு தடவ பாக்கலாங்க. இந்தத் தடவ ஒழுங்கா."

மார்ச் 13, வியாழன்

சுபாஷ் டிஷ்யூ பேப்பரில் படம் போட்டுக் கொடுத்தான். டீசலுக்கும் எண்ணெய்க்குமாக ரெண்டு கேன், நடுவில் திருகு வால்வு. எண்ணெய் வருகிற செம்புக் குழாயைப் புகைக் குழாய் மேல் சுற்ற வேண்டும். அந்தச் சூட்டில் எண்ணெய் இளகி உள்ளே போகும். "எல்லாம் சரிக்கா, எண்ணெய்ல தண்ணி இருக்கா இல்லயான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அதுக்கு லேப் வேணுமே."

லேப் எதுக்கு? காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டேன். சடசடவென்று வெடித்தது. "இதுல தண்ணி இருக்கு." எண்ணெயை நன்றாகக் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி ஒரு சொட்டு. சத்தமே இல்லை. "இதுல இல்ல." சுபாஷ் கல்லையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "இது எனக்குத் தோணலியேக்கா" என்றான்.

இருபது வருஷமாக அடுப்பு முன்னால் நிற்கிறேன். பின்னே?

மார்ச் 22, சனி

புது ஏற்பாட்டில் ஓட ஆரம்பித்து ஆறாவது நாள். நிற்கவில்லை. நிறுத்துவதற்கு முன் பத்து நிமிஷம் அவர் டீசலுக்கு மாற்றுகிறார், செல்போனில் அலாரம் வைத்து!

ஏப்ரல் 20, ஞாயிறு

நாசிலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி கங்கப்பனைக் கூப்பிட்டோம். துணியில் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்தார். "கொஞ்சம் கரி இருக்கு. டீசல்ல ஓடினாலும் இவ்ளோ இருக்கும்." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

தக்காளி ரெண்டாவது பறிப்பு முடிந்தது. ராமப்பன் வீட்டுக்கு ஒரு கூடை.

ஜூன் 29, ஞாயிறு

குந்தாரப்பள்ளிப் பக்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். சந்தையில் கங்கப்பன் சொல்லிக் கேள்விப்பட்டார்களாம். இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்து என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள், என்ன எண்ணெய், எவ்வளவு நேரம் காய்ச்சணும், கெட்டுப்போகாதா.

"எனக்கு ஓட்டத்தாங்க தெரியும். மத்ததெல்லாம் இவங்களக் கேளுங்க" என்று என்னைக் காட்டினார். இவங்க! பதினேழு வருஷத்தில் என்னை அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அடுப்பு மூட்டி எல்லாம் செய்து காட்டினேன். அவசரப்பட்டு நான் கெடுத்ததையும் மறைக்கவில்லை. அதைத்தான் ரொம்பக் கவனமாகக் கேட்டார்கள். அவர்கள் ஊரிலும் ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறதாம். "நீங்களே வந்து ஒருநாள் ஆரம்பிச்சுக் குடுங்கம்மா" என்றார் ஒருவர்.

ஜூன் 30, திங்கள்

குந்தாரப்பள்ளிக்குப் போக வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்று இருந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இத்தனை வருஷமும் காய்ச்சல், கல்யாணம், கோயில் — இவைதான் எழுதியிருக்கிறேன்.

'இன்ஜின் வேலை' என்று எழுதினேன்.

பாஸ்கரன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.