கேட்காமல் எழுதிய ஜெபச் சீட்டு

"என்னங்க" என்று மட்டுமே நான் கூப்பிட்டுப் பழகிய என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று தெரியும். இங்கே கிள்ளானில், பெரியவன் வீட்டில் நானும் சுகம். பேரப்பிள்ளைகள் பதினொன்று. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தால் வீடு கொள்ளாது. அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

நம் கடைசி மகள் கிரேசைப் பற்றித்தான் எழுதுகிறேன். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தையில்லை. போன மாதம் அவளைக் கேட்காமலே ஜெபச் சீட்டில் அவள் பெயரையும் மருமகன் பெயரையும் எழுதி, பிள்ளை வரம் வேண்டும் என்று சபையின் ஜெபப் பெட்டியில் போட்டேன். அன்றைக்கு இருவரும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலிருந்து ஆராதனைக்கு வந்திருந்தார்கள். போதகர் அதைச் சபை நடுவே வாசித்து, முன்னால் வந்து முழங்கால் போடச் சொன்னார்.

கிரேஸ் எழுந்து நின்றாள், ஆனால் முன்னால் போகவில்லை. "பாஸ்டர், நாங்க இதைக் கேட்கல. பிள்ளை வேணாம்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம்."

வெளியே வந்ததும் சபை மூப்பர் பிடித்துக்கொண்டார். "பலுகிப் பெருகச் சொல்லி ஆண்டவர் கட்டளை இருக்கேம்மா. டீச்சர் நீயே கீழ்ப்படியலன்னா எப்படி?"

"ஸ்கூல்ல இருக்கிறவங்கதான் என் பிள்ளைங்கன்னு கதை விடமாட்டேன் அங்கிள். எங்களுக்கு வேணாம், அவ்வளவுதான் லா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நான் பாவியா? நீங்க சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டாள். அப்புறம் மூன்று ஞாயிறு சபைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் மூப்பர் பக்கம்தான் நின்றிருப்பீர்கள். கட்டளை என்று சொன்னது நீங்கள், ஏழு தடவை கீழ்ப்படிந்தது நான். குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேண்டுமா என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் விரல் வைத்து வேதம் வாசிப்பேன். ஆதாம் ஏவாளுக்குச் சொன்ன அதே வார்த்தையை ஆண்டவர் அதற்கு முந்தின நாளே மீனுக்கும் பறவைக்கும் சொல்லியிருக்கிறார், கவனித்தீர்களா? மீனுக்கு யாராவது கட்டளை போடுவார்களா? அது ஆசீர்வாதம். பிள்ளைகள் அவர் தரும் ஈவு, சரி. ஈவை வாங்கிக்கொள்ளாதவளைத் திருடி என்று சொல்லலாமா? பவுலுக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவரை எந்த மூப்பர் விசாரித்தார்?

மூப்பர் வீட்டுக்கே போய் இதைச் சொன்னேன். "அக்கா, ஏழு பெத்த நீங்களே இப்படிப் பேசலாமா?" என்றார்.

"ஏழு பெத்ததாலதான் தம்பி பேசுறேன்."



நேற்று பிரிக்பீல்ட்சுக்குப் போனேன். "நீ பாவி இல்லடி. உன்னைக் கேட்காம உன் பேரை எழுதினேனே, அதுதான் தப்பு" என்றேன்.

"இதைச் சொல்லவா ரெண்டு பஸ் மாறி வந்தீங்க? போன்ல சொல்லியிருக்கலாம்ல?"

"போன்ல சொன்னா நீ வெச்சிடுவே."

சிரித்தாள். ஆனால் சபைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

நான் உங்களுக்குச் சொல்கிறேன். அவள் வரும் ஞாயிறு எதுவானாலும், வாசலிலிருந்து அவள் கையைப் பிடித்து நான்தான் உள்ளே கூட்டிப்போவேன். எவர் கேட்டாலும் அவளுக்கு முன்னால் நான் பதில் சொல்வேன். சந்தேகமிருந்தால் ஆண்டவர் உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, கிரேசின் அம்மா