இறகோடு அனுப்பிய கோழி

அன்பு மகளுக்கு,

லாரிக்கார அயம்காவிடம் நான் கொடுத்தனுப்பிய கினிக்கோழியைப் புதைத்துவிடு. பேரனுக்கு ஒரு துண்டும் கொடுக்காதே. சம்பந்தி வீட்டுக்கு இறகோடுதான் அனுப்ப வேண்டும் என்பது நம் வழக்கம் என்பதால் அதன் வயிற்றைக் கீறிப் பார்க்கவில்லை.

மரத்துக்குக் குறிவைத்தால் மண்ணில் குத்துகிற வில்லாளி நான். அன்று நாலு கோழி கிடைத்தன. எல்லாம் தள்ளாடிக்கொண்டு நின்றன.

"இன்னைக்குத்தான்யா நீ வேட்டைக்காரன்!" என்று உன் அம்மா சிரித்தாள். ஒன்றை உனக்கு லாரியில் ஏற்றிவிட்டு, இன்னொன்றை உரித்து, வயிற்றைக் கீறி, ஈரலை அவளுக்குத்தான் முதலில் சுட்டுக்கொடுத்தேன்.

இரைப்பையைப் பிறகுதான் கிழித்தேன். உள்ளே முழுக்க, பூச்சி அரிக்காமலிருக்கச் சிவப்பு விஷமருந்து பூசிய விதைச்சோளம்.

அம்மா உறங்குகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் குளிப்பாட்டிவிட்டார்கள்.

உங்கள் கோழி இன்னும் அடுப்பேறவில்லை என்றால், இதைக் கொண்டுவருகிறவனிடம் சொல்லியனுப்பு. ஒருத்திக்காக மட்டும் அழுதுகொள்கிறேன்.

வாசலையே பார்த்திருக்கும்,
உன் அப்பா