கால் ஸ்பூன் நெய்

அக்கா,

இன்று சனிக்கிழமை. உங்கள் மகள் வழக்கம்போல் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ விழாவாம், கேக் செய்து கொண்டுபோக வேண்டுமாம். பன்னிரண்டு வயதிலேயே அடுப்படியில் உங்களைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அளவு ஸ்பூன்கள் கோத்த வளையத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, வேர் இஸ் த க்வார்ட்டர் டீஸ்பூன்?" என்று கேட்டாள். அந்தக் கால் டீஸ்பூன் என் கைப்பையில் இருக்கிறது. மூன்று வருடமாக வீட்டுச் சாவியோடு சேர்ந்து அங்கேதான் கிடக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். அதை எதற்குப் பையில் வைத்திருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நெய்யில்தானே நாம் பழகினோம். ஃப்ரீமான்ட்டில் நான் குடிவந்த முதல் வாரம், மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டினீர்கள். கறி வாசனை என்று சண்டை போட வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். "என்ன வாசம் கண்ணு இது, படிக்கட்டெல்லாம் மணக்குது?" என்றீர்கள். நெய்ச்சோறு என்றேன். கறி சேரவில்லையே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, "அப்ப ஒரு கிண்ணம் குடு" என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். கீழக்கரைக்காரி வீட்டில் உடுமலை சைவத்துக்கென்று ஒரு தனிப் பாத்திரம் அன்றைக்கு வாங்கியதுதான். இன்றுவரை அதில் கறி பட்டதில்லை.

அப்படிச் சாப்பிட்ட நீங்கள், கேன்சர் வந்து இரண்டாவது கீமோவுக்குப் பிறகு சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். தண்ணீர்கூட இரும்பாக இருக்கிறது என்றீர்கள். வாந்திக்குக் கொடுத்த மாத்திரையும் வாந்தியிலேயே வந்தது. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வீர்கள். ஆறு மாதம் தாங்க வேண்டிய உடம்பு, சாப்பாடு இல்லாமல் மருந்தை எப்படித் தாங்கும் என்று டாக்டரம்மா கவலைப்பட்டார். ஒருநாள் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு, கஞ்சாவை முயன்று பார்க்கலாம் என்றார். இதற்கு மருந்துச்சீட்டு எழுத முடியாது, மருந்துக்கடையில் கிடைக்காது, சிபாரிசுக் கடிதம்தான் தருவேன், கலிஃபோர்னியாவில் அது செல்லும், ஆனால் நாட்டுச் சட்டம் இன்னும் இதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

திரும்பும் வழியில் காரில் நீங்கள் சிரித்த சிரிப்பு. "எங்கூர்ல இதுக்குப் போலீஸ் ஜீப் வரும். இங்க டாக்டரே லெட்டர் குடுக்குது பாரு." எத்தனை நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

சிரிப்பு வீடுவரைக்கும்தான். உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், ஒத்துக்கொள்ளவில்லை. கிரீன் கார்டு மனு போட்டுக் காத்திருந்த நேரம் அது. "வக்கீல் யோசிக்கச் சொல்றாருங்க. இன்டர்வியூல கேட்டா பொய் சொல்ல முடியாது, உண்மை சொன்னா கார்டே போயிருமாம்" என்றார். நான் அவரோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண்டாட்டியைவிட அட்டை பெரிதா என்று மனசுக்குள் கறுவினேன். இப்போது புரிகிறது, பாவம் அந்த மனிதர். அவர் வேலையில்தான் உங்கள் இன்ஷூரன்ஸ், வைத்தியம் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் உங்கள் கையிலிருந்த வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டன.

கடைசியில் அவரே வந்து, "நீங்க கூட்டிட்டுப் போங்க தங்கச்சி" என்றார். நான் சிட்டிசன், எனக்கென்ன பயம். ஊருக்குப் போன் போட்டு மார்க்கத்தில் கூடுமா என்று வாப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டேன். "நோவுக்குத்தானேம்மா, குடு" என்றார். படிவத்தில் உங்களைக் கவனித்துக்கொள்பவர் என்று இருந்த இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கவனித்துக்கொள்பவர்.

ஓக்லாந்தில் கஞ்சா விற்கும் அந்தக் கடைக்குள் புடவையோடு நீங்களும் முக்காட்டோடு நானும் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். புகைக்கிறீர்களா என்று கேட்டான் கடையில் நின்ற பையன். "பீடி குடிக்கிற வயசா கண்ணு எனக்கு?" என்று என்னிடம் கேட்டீர்கள், நான் நாகரிகமாக மொழிபெயர்த்தேன். பிஸ்கட் இருக்கிறது என்றான். முட்டை சேர்த்ததா என்று விசாரித்தோம். சேர்த்ததுதான். உயிர் போகிற நேரத்திலும் முட்டை வேண்டாம் என்றீர்கள். கடைசியில் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினான். வெண்ணெயை உருக்கி அந்த மூலிகையைச் சேர்த்தது, கொஞ்சம் பச்சையாக, நம் நெய் போலவே இருந்தது. நமக்கு முகம் மலர்ந்துவிட்டது. நெய் தெரியாதா நமக்கு?

அங்கேதான் கெட்டது அக்கா.

அவன் நன்றாகத்தான் சொன்னான். முதல் தடவை கால் டீஸ்பூன். வயிற்றுக்குள் போவது மெதுவாகத்தான் ஏறும், இரண்டு மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றைக்கு மேலே ஊற்றக் கூடாது. என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னான், நானும் சொன்னேன். வாய்தான் சொன்னது.

அடுத்த நாள் மத்தியானம் உங்கள் தனிப் பாத்திரத்தில் சோறு குழைய வடித்து, சீரக ரசம் வைத்தேன். இதோ இந்தக் கால் ஸ்பூனில்தான் ஊற்றினேன். நனைந்த வைக்கோல் வாசம் அடிக்கிறது என்றீர்கள், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டேன். நாலு வாய் சாப்பிட்டீர்கள். அரை மணி நேரம் ஆனது, முக்கால் மணி ஆனது. "ஒண்ணும் தெரியலையே கண்ணு. இவ்வளவுதானா? நீ ஊத்துனது காக்காய்க்குக்கூடக் காணாது" என்றீர்கள், கேலியாகத்தான். என் கை கேட்கவில்லை அக்கா. எங்கள் வீட்டில் விருந்தாளி போதும் என்று கையை மறித்த பிறகும் ஒரு கரண்டி ஊற்றுவதுதான் வழக்கம். அப்படி ஊற்றாதவளை என் உம்மா பெண்ணாகவே மதிக்க மாட்டாள். சோற்றுக்கரண்டியை எடுத்து ஊற்றினேன். மருந்து என்பதே எனக்கு மறந்துபோயிற்று. நீங்கள் சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

சாப்பிட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் தாண்டும்போது, "பசிக்குது ருக்கி" என்றீர்கள். ஒரு கிண்ணம், மறுபடி ஒரு கிண்ணம், ஊறுகாய்கூடக் கேட்டு வாங்கினீர்கள். நான் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன், சந்தோஷத்தில். மருந்து கேட்டது. கால் ஸ்பூனுக்கே கேட்டிருக்கும். நான் ஊற்றிய அந்தக் கரண்டி அதற்குப் பிறகுதான் ஏறியது.

நெஞ்சு படபடக்கிறது என்று என் கையைப் பிடித்தீர்கள். சுவர் நகர்கிறது என்றீர்கள். செத்துக்கொண்டிருக்கிறேன், அவரைக் கூப்பிடு என்றீர்கள். டாக்டர் ஆபீஸுக்குப் போன் செய்தேன். நர்ஸ் மூச்சையும் நாடியையும் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, அளவு கூடிவிட்டது, பக்கத்திலேயே இருங்கள், மாலைக்குள் இறங்கிவிடும், மூச்சில் மாற்றம் தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றாள். சொன்னபடி இறங்கியது. ஆனால் அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு உங்கள் மகள் வந்துவிட்டாள். ஒன்பது வயதுக் குழந்தை, பையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தது. "ஆன்ட்டி, இஸ் ஷி டையிங்?" என்று என்னிடம் கேட்டது. நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். வாய் அசைந்தது, அவள் பெயர் வரவில்லை.

அதோடு சரி. எவ்வளவு கெஞ்சினேன். தப்பு மருந்தில் இல்லை, என் கையில்தான், இனி கால் ஸ்பூன், அதுகூட வேண்டாம், ஒரு சொட்டு என்றேன். டாக்டரம்மாவும் சொல்லிப் பார்த்தார். "வேண்டாங்கண்ணு. எம் பொண்ணு பேரு எனக்கு மறந்துபோச்சு. அவ அதைப் பார்த்துட்டா. இனி எனக்கு எது போனாலும் போகட்டும், புத்தி போகக் கூடாது" என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு உங்களால் கீமோவை முடிக்க முடியவில்லை. உடம்பில் தெம்பு இல்லை என்று நிறுத்தினார்கள். மிஷன் பீக் மலை பச்சைப் பசேல் என்று இருந்த ஒரு காலையில், உங்கள் கட்டிலோரம் உட்கார்ந்து, ஏதாவது சாப்பிடுகிறீர்களா, பசிக்கிறதா என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "பசி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு ருக்கி. அன்னிக்கு உன் வீட்ல ஒரு நாள்தான் வந்துச்சு." நான்கு நாள் கழித்துப் போய்விட்டீர்கள். சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் தெரியாது என்றுதான் சொன்னார். இருந்த நாள்வரை பசியோடாவது வாழ்ந்திருப்பீர்கள், அது தெரியும்.

இப்போதெல்லாம் எனக்குப் போன் வருகிறது அக்கா. கோயிலில், பள்ளிவாசலில், மௌரி அவென்யூ மளிகைக் கடையில் யாராவது என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். "ஒரு விஷயம் கேக்கணும், யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று உங்கள் கேன்சர் டாக்டரிடமே முதலில் கேளுங்கள் என்கிறேன். விசாவிலோ கிரீன் கார்டு வரிசையிலோ இருந்தால் வக்கீலை முன்கூட்டியே பாருங்கள், ஆனால் யோசித்துக்கொண்டே மாதத்தைக் கடத்தாதீர்கள் என்கிறேன். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், அன்றைக்குக் கார் சாவியைத் தொடாதீர்கள், பக்கத்தில் யாராவது இருங்கள். பிறகு நேரில் வரச் சொல்லி, பையிலிருந்து இந்த ஸ்பூனை எடுத்துக் காட்டுகிறேன். போனில் சொன்னால் காதுதான் கேட்கும், கை கேட்காது. இவ்வளவுதான், இரண்டு மணி நேரம், நோயாளி கேட்டாலும் கெஞ்சினாலும் இவ்வளவுதான் என்று சொல்லும்போது சில பேர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று பார்க்கிறார்கள்.

என் வீட்டு நெய்யும் அப்படித்தான் ஆகிவிட்டது. விருந்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல் என் கை போவதில்லை. நெய்க்குக் கஞ்சம் பிடிக்கிறவள் என்று ஃப்ரீமான்ட்டில் பேர் எடுத்துவிட்டேன். கீழக்கரையில் தெரிந்தால் உம்மா மானம் போய்விடும்.

கேக் அடுப்புக்குள் போனதும் உங்கள் மகள் பசிக்கிறது என்றாள். உங்கள் பாத்திரத்தில் நெய்ச்சோறு இருந்தது. சூடு பண்ணி வைத்து, மேலே ஒரே ஒரு ஸ்பூன் நெய் ஊற்றினேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தட்ஸ் ஆல், ஆன்ட்டி?" என்றாள். இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்ட அதே குரல், அதே கேலி.

கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றேன் அக்கா. வெறும் நெய்தான், ஒன்றும் செய்யாது என்று தெரியும். ஆனாலும் ஊற்ற முடியவில்லை. அவள் எழுந்து வந்து கரண்டியை வாங்கி, தானே ஊற்றிக்கொண்டு, பசியோடு சாப்பிட்டாள்.