தூத்துக்குடிக்கு வந்த ஃபிட்டர்

அத்தான்,

இன்று காலை ஊறுகாய்க்காக வினிகர் பாட்டிலைத் திறந்தேன். அந்த நெடி ஏறியதும், ஓக்லண்டில் நாம் சனிக்கிழமைகளைக் கழித்த நூலகம் நினைவுக்கு வந்துவிட்டது. ஊர் ஊராகப் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிம் சுருளைப் பெட்டியிலிருந்து எடுத்தால் இதே வாடைதான் அடிக்கும். "நூறு வருஷத்து ஊறுகா" என்பீர்கள்.

அக்காவுக்குச் சனிக்கிழமையும் ஆஸ்பத்திரி டியூட்டி. அதனால் ஃப்ரீமான்ட்டிலிருந்து உங்களோடு நான் வருவேன். பழைய ஆங்கிலக் கையெழுத்து எனக்குச் சற்றுப் பிடிபடும். நாம் தேடியது உங்கள் அம்மாவின் தாத்தாவை. இங்கிலாந்திலிருந்து தூத்துக்குடி மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்த ஃபிட்டர். ஞானம்மாளோடு குடும்பம் நடத்தி, ஒரு மகளைப் பெற்று, காய்ச்சலில் செத்துப்போனவர். 'வெள்ளைக்காரன் வச்சிருந்தவ வம்சம்' என்ற தெருப்பேச்சு உங்கள் அம்மாவை, அத்தையை, முதுமைவரை துரத்தியது. ஃபோனில் அவர் உங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "யய்யா, கோயில்ல வச்சுத்தான் கெட்டுனாரான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

கோயிலில்தான் கட்டியிருந்தார். தூத்துக்குடித் தேவாலயத்தின் திருமணப் பதிவில் இருவர் பேரும் இருந்தன. மணமகன் பிரம்மச்சாரி, ஃபிட்டர், தகப்பன் நெசவாளி. வீட்டுக்கு வந்ததும் ஊருக்கு ஃபோன் போட்டீர்கள். அங்கே ஞாயிறு காலை. அத்தை ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு முன் பெஞ்சுல போய் உக்காருதேன்" என்றார், அதுவரை பின் பெஞ்சைவிட்டு நகராதவர்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ஃபிட்டர் பிறந்த வீட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று உங்களுக்கு ஆசை வந்துவிட்டது. இங்கிலாந்தில் அவருடைய லங்காஷயரின் மக்கள்தொகைக் கணக்குச் சுருள்களை வரவழைத்தீர்கள். வாரக்கணக்கில் காத்திருந்து பார்த்தபோது, நெசவாலைத் தெரு ஒன்றில், பத்து வயதுப் பையனாக, மில் தொழிலாளி என்ற குறிப்போடு அவர் இருந்தார். திரையில் விரலை வைத்துக்கொண்டு, "துரைன்னு நெனச்சோம். பத்து வயசுல மில்லுக்குப் போன பய" என்றீர்கள்.

அடுத்த கணக்கெடுப்பில் அதே தெருவில் எலன் என்ற மனைவியோடு இருந்தார். அதற்கடுத்ததில் எலன் மட்டும், மூன்று பிள்ளைகளோடு. துணி வெளுக்கிறவள். விதவை என்று போடவில்லை. திருமணமானவள் என்றே போட்டிருந்தது. தூத்துக்குடிக் கல்யாணம் அதற்கு முந்தின வருஷம்.

திரும்பும் வழியில், ஃப்ரீவேயில் ஹேவர்ட் தாண்டும்போது சொன்னீர்கள்: "அம்மா காதுல விழக்கூடாது. முன் பெஞ்சுல உக்காந்துட்டா. எழுப்பி விடச் சொல்லுதியா?"

சில மாதம் கழித்து இன்டர்நெட் குழு ஒன்றில், எலனின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி அதே மனிதரைத் தேடி எழுதியிருந்ததைப் பார்த்தோம். கடல் கடந்து போனவரிடமிருந்து பிறகு தகவலே இல்லையாம். எங்கே புதைத்தார்கள் என்றாவது யாருக்கேனும் தெரியுமா என்று கேட்டிருந்தாள். நமக்குத் தெரியும், தூத்துக்குடிக் கல்லறைத் தோட்டத்தில். "அம்மா இருக்குறவரைக்கும் வேண்டாம், அப்புறம் ரிப்ளை பண்ணுவோம்" என்றீர்கள்.

அம்மா இருக்கிறார். நீங்கள்தான் சான்டா கிளாராவில், ஆபீஸ் பார்க்கிங்கில், காரைவிட்டு இறங்குமுன்பே போய்விட்டீர்கள்.

அடுத்து நான் ஊருக்குப் போனபோது அத்தையே பேச்சை எடுத்தார். "தாத்தாவுக்கு அங்க ஒரு பொண்டாட்டி இருந்தா, தெரியுமா? எங்கம்மா சாகப்போற நேரத்துல சொன்னா. எம் மவன் சங்கடப்படுவான்னு நான் மூச்சுவிடல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ பேரென்ன?"

"எலன், அத்தை."

"பிள்ளைக?"

"மூணு."

அத்தை சுவரிலிருந்த உங்கள் படத்தைப் பார்த்து, "கல்லறையவாச்சும் அந்தப் புள்ளைக்குச் சொல்லியிருக்கலாமேய்யா" என்றார்.

ஞாயிறு தவறாமல் பேசிக்கொண்ட தாயும் மகனும் நீங்கள். ஒருவருக்காக மற்றவர் பயந்து, இருவருக்கும் தெரிந்த ஒன்றை இருவருமே மறைத்திருக்கிறீர்கள்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். அப்படியொரு முகவரி இல்லை என்று மெயில் திரும்பிவிட்டது. குழுவிலும் போட்டுப் பார்த்தேன், பதில் இல்லை.

ஊரில் அத்தையோடு போய் அந்தக் கல்லறையைப் பார்த்து வைத்திருக்கிறேன், அத்தான். மேற்கு மதிலோரம், உடைமரத்துக்குப் பக்கத்தில், பேர் பாதி தேய்ந்த கல். யார் கேட்டாலும் எனக்கு வழி சொல்லத் தெரியும். இதுவரை யாரும் கேட்கவில்லை.