வாசலில் ஒரு சரிவு

மார்ச் 4
வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரி கவிழ்ந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். ஆனால் வாசலில் இரண்டு படி. சக்கர நாற்காலி எப்படி ஏறும்? கான்கிரீட்டில் சரிவு போட்டுத் தருகிறேன் என்ற கொத்தனார் போனையே எடுப்பதில்லை.

மார்ச் 5
கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். நானே போட்டால் என்ன?

மார்ச் 6
வாடகைக்குச் சின்னக் கலவை மிஷின் வந்தது. “மிக்சி மாதிரிதான்க்கா, பயப்படாதீங்க” என்றார் இறக்கிவிட்டவர். மிக்சியாம்! சிமெண்டும் மணலும் அடியில் உலர்ந்தபடியே ஒட்டிக்கொண்டன. பதறிப்போய் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன். உதவிக்கு வந்திருக்கும் அண்ணி — அவருடைய அக்கா, வந்த நாளிலிருந்து குறை மட்டும்தான் — எட்டிப் பார்த்து, “இதைக் கொட்டப் போறியா, குடிக்கப் போறியா?” என்றார்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

மார்ச் 8
ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார்கள். சரிவு இறுகும்வரை யாரும் மிதிக்கக் கூடாது. ஈரச் சாக்கைப் போர்த்தித் தண்ணீர் தெளிக்கிறேன். அவர் சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறார்.

மார்ச் 15
இன்று அவரை நாற்காலியோடு சரிவில் இறக்கினோம். நாற்காலி எங்கள் கையை மீறி ஓடி கேட்டில் முட்டியது. திரும்ப ஏற்ற முடியவில்லை. நீளம் போதாது, கூரை மாதிரி நிற்கிறது சரிவு. நானும் அண்ணியும் மூச்சு முட்டத் தள்ளி, பாதியில் மாட்டிக்கொண்டோம். முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் விட முடியாமல்.

“விடுங்க ரெண்டு பேரும். இந்த சிமெண்ட என் மேலயே கொட்டி மூடியிருக்கலாம்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

மார்ச் 16
சாப்பிடவில்லை.

மார்ச் 17
இன்றும் இல்லை. மாத்திரைகளை எல்லாம் எடுத்து பீரோவில் பூட்டினேன். ஏன் என்று எழுத மாட்டேன்.

மார்ச் 19
அந்தச் சரிவைச் சம்மட்டியால் உடைத்தோம். கையெல்லாம் கொப்புளம். இந்த முறை சுவரோரமாக, கேட் வரைக்கும் நீளமாகக் கான்கிரீட் கொட்டப் பலகை அடித்திருக்கிறோம். மறுபடி அதே மிஷின். பயத்தில் நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க, உள்ளேயிருந்து அவர் குரல்:

“தண்ணிய நிறுத்துடி! சத்தமே சளசளன்னு கேக்குது!”

இத்தனை நாளுக்கு அப்புறம் வாயைத் திறந்தார், அதுவும் திட்ட. அண்ணி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, “கேட்டுச்சா? ஊத்தாத!” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

ராத்திரி கொஞ்சம் சாப்பிட்டார்.

ஏப்ரல் 2
மருந்து வாங்கித் திரும்பினால் கதவு திறந்து கிடக்கிறது. காலையில் அவரை உட்கார வைத்துவிட்டுப் போன நாற்காலி இல்லை. அண்ணி குளித்துக்கொண்டிருந்தார், அவருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் இல்லை. ஐயோ, தண்டவாளம்... அந்தப் பக்கம் ஓடினேன், செருப்பு எங்கே கழன்றதோ தெரியாது.

வழியில் முடி வெட்டும் கடை. கழுத்தில் துணி, முகமெல்லாம் நுரை. “மீசையில கை வச்சே, அவ்வளவுதான்” என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிறார். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

“நீ போ. நானே வந்துக்கறேன்.”

வந்துவிட்டேன். இதோ கேட் திறக்கிற சத்தம். எழுந்து போய்த் தள்ளக் கூடாது. தள்ளவே கூடாது.